செம்பூருக்குப் போய்வந்த அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் அன்பின் வணக்கம். அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. நம் வீட்டுப் பேரப்பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் படிக்க வராது. அவர்களுடைய தாய்மார் இதை வாசித்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வாஷி வீட்டில் சாய்வு நாற்காலியில் இருந்த அக்காவைத்தான் அந்தப் பிள்ளைகள் அறிவார்கள். தாராவியில் இருந்த அக்காவைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களில் இன்று மிஞ்சியிருக்கும் சிலரில் நானும் ஒருத்தி. அதனால் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், தேரி என்னும் செம்மணல் மேடுகள் சூழ்ந்த ஒரு சிற்றூரில். எங்கள் அப்பா அங்கே கிறிஸ்தவக் கோயில் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்தார். அம்மா இறந்தபோது நான் நடைபழகும் பிள்ளை. அக்கா தாவணி போட்ட பெண். அன்றிலிருந்து எனக்குச் சோறூட்டியதும், எழுத்துச் சொல்லித்தந்ததும், ஜெபம் சொல்லித்தந்ததும் அவர்தான். தாராவியில் தோல் பதனிடும் கொட்டகையில் வேலைபார்த்த அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டு அக்கா ரயிலேறிய அன்று, நான் அழுத அழுகையை ஊரே சொல்லும். எனக்கு அந்த நாள் நினைவில்லை. அதற்குப் பிறகு வந்த வருடங்கள்தான் நினைவிருக்கின்றன. அக்கா விட்டுப்போன பழைய சேலை ஒன்றை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

அப்பாவும் காலமான பிறகு, அறுபதுகளின் தொடக்கத்தில், நான் பம்பாய்க்கு வந்து அக்காவோடு தங்கினேன். மாட்டுங்காவில் ஒரு தையற்கடையில் வேலை கிடைத்தது. அக்காவின் வீடு என்பது ஒரே அறை. அதில் அத்தான், அக்கா, இரண்டு பிள்ளைகள், நான். நான் வருவதற்குச் சில வருடங்கள் முன்பு தலைப்பிள்ளையை மழைக்காலக் காய்ச்சலில் அக்கா பறிகொடுத்திருந்தார். சொந்தம் என்று யாரும் வந்துசேர முடியாத அந்த நாளில், அவரை மடியில் சாய்த்துக் கஞ்சி புகட்டியவர் பக்கத்து அறைப் பேச்சியம்மாள். அவர்கள் அப்போதுதான் அந்தச் சந்துக்குக் குடிவந்திருந்தார்களாம்.

பேச்சியம்மாளின் கணவர் சுடலைமுத்து அண்ணாச்சி எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்தான். ஆனால் எங்கள் வீட்டைக் கண்டாலே அவருக்கு ஆகாது. சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் அறையில் ஜெபக்கூட்டம் நடக்கும். பாட்டுத் தொடங்கியதும் இரண்டு அறைக்கும் நடுவில் இருந்த பலகைத் தடுப்பில் அவர் ஓங்கி அடிப்பார். "நிறுத்துங்கலே!" என்று கத்துவார். கூட்டம் நடத்திய உபதேசியார், "இன்னும் உரக்கப் பாடுங்கள்" என்பார். நாங்களும் பாடுவோம். அக்கா மட்டும் வாயைத் திறக்கமாட்டார்.

ஒரு சனிக்கிழமை கூட்டம் முடிந்ததும் அக்கா எழுந்துபோய் அண்ணாச்சியின் வாசலில் நின்றார். நானும் பின்னாலேயே போனேன்.

"அண்ணாச்சி, சத்தம் கூடித்தான் போச்சு. மனசுல வச்சுக்கிடாதிய" என்றார்.

அண்ணாச்சி திரும்பிப் பார்க்கவில்லை. "சத்தம் கெடக்கட்டும்மா. ஒங்க சாமி எம் புள்ளையக் கொண்டுட்டுப் போயிட்டாரு. இன்னும் என்ன வேணுமாம் அவருக்கு?" என்றார்.

கத்தாமல் சொன்னார். அதுதான் கேட்கத் தாங்கவில்லை.

அவர்களுக்கு ஒரு மகன் எங்கோ இருக்கிறான் என்பது மட்டும்தான் சந்தில் எல்லாருக்கும் தெரியும். மீதியைப் பேச்சியம்மாள் அன்று எங்களிடம் சொன்னார். ஒரே மகன். வேறொரு சபையில் சேர்ந்து ஞானஸ்நானம் பெற்று, சாமுவேல் என்று பெயர் மாற்றிக்கொண்டான். தகப்பன் கோபத்தில் கை ஓங்கினார். சாமி படம் இருக்கும் வீட்டில் இனிக் கால் வைக்கமாட்டேன் என்று சொல்லி, பம்பாயிலேயே உள்ள செம்பூருக்குப் போனவன், பிறகு இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பழைய வீட்டில் இருக்க மனம் கொள்ளாமல்தான் இந்த அறைக்கு மாறினார்கள்.

அன்று அக்கா சாப்பிடவில்லை. நான் வற்புறுத்தியபோது சொன்னார்: "அண்ணாச்சி சொன்னதுல என்னட்டி தப்பு? நம்ம ஆண்டவர் பேரைச் சொல்லித்தானே அவன் பெத்தவளை விட்டுட்டுப் போயிருக்கான். இனி அவருகிட்ட நாம இயேசு அன்பானவருன்னு சொன்னா, காதுல ஏறுமா?" கொஞ்ச நேரம் கழித்து, "நான் சுவிசேஷம் சொல்ல வேண்டிய எடம் செம்பூருட்டி" என்றார்.

அடுத்த வாரமே கூட்டத்தை வேறொரு வீட்டுக்கு மாற்றச் சொல்லிவிட்டார். உபதேசியாருக்கு அதில் வருத்தம். அக்கா அவரோடு வாதாடவில்லை. பல பேரிடம் விசாரித்து சாமுவேலின் வீட்டைக் கண்டுபிடித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

சாமுவேல் மரியாதையாகவே வரவேற்றார். அவருடைய மனைவி டீ கொடுத்தார். நாங்கள் எங்கிருந்து வருகிறோம் என்று தெரிந்ததும் சாமுவேலின் முகம் மாறியது. "எங்க அய்யா ரட்சிக்கப்பட்டாராக்கா?" என்று கேட்டார்.

"அது எனக்குத் தெரியாது தம்பி. உங்க அம்மைக்குக் கடவாப் பல்லு விழுந்துட்டு. கஞ்சிதான் குடிக்காவ."

"அவங்களுக்காக நான் தினமும் ஜெபிக்கேன்."

"நல்ல காரியம். ஜெபிக்கையில அவிய முகம் கண்ணுக்குள்ள வருதா?"

அக்கா அதற்குமேல் கேட்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு, "அடுத்த தடவ வாரேன்" என்று சொல்லி எழுந்துவிட்டார்.

அப்படித் தொடங்கிய போக்குவரத்து வருடக்கணக்கில் நடந்தது. கையில் எப்போதும் ஏதாவது இருக்கும். பொரித்த மீனோ, கிறிஸ்துமஸ் என்றால் முந்திரிக்கொத்தோ. அங்கே போனால் இங்கத்திய சேதி சொல்வார். இங்கே வந்தால் குழாயடியில் பேச்சியம்மாளிடம் அங்கத்திய சேதி சொல்வார். சாமுவேலுக்குப் பெண்குழந்தை பிறந்ததைச் சொன்னபோது, பேச்சியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "மூக்கு யாரு மாதிரி?" என்று கேட்டார். "எல்லாம் அண்ணாச்சி மூக்குதான்" என்றார் அக்கா. அந்த அம்மாள் சிரிப்பும் அழுகையுமாகக் குடத்தை விட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினார். அன்று சாயங்காலம் அண்ணாச்சி எங்கள் வாசலைக் கடக்கும்போது நின்று, எங்கோ பார்த்துக்கொண்டு, "என்ன பேரு வச்சிருக்கானாம்?" என்றார்.

"எஸ்தர் அண்ணாச்சி."

"நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லா ஞாயிறும் இப்படி இனிமையாகப் போனதாக நினைத்துவிட வேண்டாம். ஒருநாள் சாமுவேல் கதவை முழுதாகத் திறக்காமலே, "அக்கா, இந்தப் பேச்சுக்கு இனிமே வராதீங்க. அந்த வீட்டுக்குள்ள போனா நான் பழையபடி ஆயிருவேனோன்னு எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லிச் சாத்திக்கொண்டார். வெயிலில் பஸ்ஸுக்கு நின்றபோது எனக்கு ஆத்திரம் பொங்கியது. "ஒனக்கு எதுக்குக்கா இந்த அவமானம்?" என்றேன்.

அக்கா சொன்னதை இன்றும் அவர் குரலிலேயே கேட்கிறேன்: "பயம்னு சொன்னான் பாத்தியா. வெறுப்போன்னுல்லா நான் நெனச்சேன். பயந்தான்னா சரியாப் போயிரும். அவமானம் என்னட்டி அவமானம்? அந்தக் கதவுக்கு வெளிய ரெண்டு பேரு வருஷக்கணக்கா நிக்காவ. நாம செத்த நேரந்தான நின்னோம்."

சில வாரங்கள் விட்டு அக்கா மறுபடியும் போனார். சாமுவேலும் மறுபடி கதவைத் திறந்தார். வீட்டுப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, அக்காவும் எடுக்கவில்லை. குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு வந்துவிடுவார்.

பிறகு ஒரு மழைக்காலம். அந்த ஞாயிறு எனக்குக் கடையில் வேலை இருந்தது. அக்கா தனியாகப் போனார். உடம்பு காய்வதை யாரிடமும் சொல்லவில்லை. சாமுவேல் கதவைத் திறந்தபோது படியிலேயே மயங்கி உட்கார்ந்துவிட்டாராம். கணவனும் மனைவியும் தூக்கிப் படுக்கவைத்துக் கஞ்சி கொடுத்திருக்கிறார்கள். பஸ்ஸில் நிற்க முடியாத உடம்பு என்று சாமுவேல் டாக்ஸி பிடித்துத் தாராவிக்குக் கூட்டிவந்தார்.

நான் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தேன். சந்தின் சேற்றில், அக்காவைத் தோளோடு தாங்கி, குடையில்லாமல் நனைந்துகொண்டு சாமுவேல் வருவதைப் பார்த்தேன். எங்கள் வாசலுக்கு வரவேண்டுமென்றால் அவருடைய அப்பாவின் வாசலைத் தாண்டித்தான் வரவேண்டும். அண்ணாச்சி வெளியே பலகையில் உட்கார்ந்திருந்தார்.

"யாரது?" என்றார்.

"நாந்தான் அய்யா."

அண்ணாச்சி எழுந்தார். அடிக்கப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

"அந்தப் புள்ள வெடவெடன்னு நடுங்குது. நடுவழியில நிறுத்திக்கிட்டு நிக்கியே! உள்ள கொண்டுபோயிப் படுக்க வையி" என்றார்.

நாங்கள் அக்காவை எங்கள் அறையில் பாயில் கிடத்தினோம். சாமுவேல் வெளியே வந்து இரண்டு வாசலுக்கும் நடுவில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அண்ணாச்சி அவரைப் பார்க்காமல் வீட்டுக்குள் முகத்தைத் திருப்பி, "பேச்சி, அவனுக்குத் துண்டு எடுத்துக் குடு. தலையெல்லாம் ஈரம்" என்றார்.

சாமுவேல் குனிந்து அந்த வாசலுக்குள் போனார். பேச்சியம்மாள் அழுத சத்தம் பலகை வழியாக எங்களுக்குக் கேட்டது. அக்கா கண்ணைத் திறக்காமலே என் கையைப் பிடித்து, "கேக்குதாட்டி?" என்றார். காய்ச்சலிலும் அவர் முகம் அப்படி மலர்ந்திருந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. காய்ச்சலையும் ஜெபம்பண்ணித்தான் வாங்கினாயா என்று அத்தான் வெகுகாலம் அவரைக் கேலி செய்வார்.

அதன்பின் ஞாயிறுதோறும் சாமுவேல் மனைவி மகளோடு வந்தார். சாமி படம் அதே இடத்தில்தான் இருந்தது. சாமுவேலின் விசுவாசத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. ஜெபக்கூட்டமும் எங்கள் அறைக்கே திரும்பியது. அண்ணாச்சிதான் கூப்பிடச் சொன்னார். பாடும்போது வாசற்படியில் வந்து உட்காருவார். உள்ளே வரமாட்டார். ஒருமுறை அக்காவிடம், "ஒங்க சாமி நல்லவருதாம்மா. ஒன்னப் பாத்தாத் தெரியுது. ஆனா எனக்கு எங்க சாமி போதும்" என்றார். அக்கா சிரித்துக்கொண்டு, "சரி அண்ணாச்சி" என்றார். இத்தனை வருடம் அலைந்தும் அண்ணாச்சி ஞானஸ்நானம் எடுக்கவில்லையே என்று உபதேசியார் குறைப்பட்டபோது, "வாசல்ல வந்து உக்காருதாருல்லா ஐயா. உக்காரட்டும்" என்றார் அக்கா. அவருக்காக ஜெபிப்பதை மட்டும் அக்கா கடைசிவரை விடவில்லை.

அறுபதுகளின் முடிவில் அண்ணாச்சி நோயில் விழுந்தார். தனக்குப் பின் சடங்கை யார் செய்வது என்ற கேள்வி சாமுவேலை வாட்டியது. அதை அறிந்த அண்ணாச்சி மகனைக் கூப்பிட்டு, "கொள்ளிய எந் தம்பி மவன் வைக்கட்டும். நீ ஒன் சாமியக் கும்பிட்டுக்கிட்டு எம் பக்கத்துல நில்லு. அது போதும்" என்றார். அப்படியே நடந்தது. அன்று அக்கா தம் சொந்த அண்ணனைப் பறிகொடுத்தவர்போல் அழுதார். "பொறுமைன்னா என்னன்னு அவியகிட்டல்லா கத்துக்கிடணும்" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

காலம் ஓடிவிட்டது. நான் கல்யாணமாகி டோம்பிவிலிக்குப் போனேன். அத்தான் காலமானார். அக்கா மூத்த மகனோடு வாஷிக்குக் குடிபோனார். கால் முடங்கிய பிறகும், ஞாயிறுதோறும் நான் கூப்பிடும்போது தொலைபேசியில் என்னிடம் முதலில் விசாரிப்பது என் பக்கத்து வீடுகளைப் பற்றித்தான். யார் யாரோடு பேசவில்லை, யார் வீட்டில் சுகமில்லை என்று கேட்பார். பேர் சொல்லிச் சொல்லி ஜெபிப்பதற்காக அந்த விசாரிப்பு.

கடைசியாக நான் பார்த்த அன்று அவர் அதிகம் பேசவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். வெயில் தாழ்ந்ததும், "கெளம்புட்டி, டிரெயின்ல கூட்டம் ஏறிரும்" என்று கையை விட்டார். நானும் கிளம்பிவிட்டேன். மறுநாள் காலையில் செய்தி வந்தது. கூட்டம் ஏறினால் ஏறட்டும் என்று இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருக்கலாம்.

அக்காவைக் கடைசிவரை குழந்தைபோல் பார்த்துக்கொண்ட மகனுக்கும் மருமகளுக்கும், வேளை பாராமல் வந்து பார்த்த மருத்துவருக்கும், வாஷி அடுக்குமாடியின் எல்லா வீட்டாருக்கும், சுற்றிநின்று பாடிய சபையாருக்கும், தாராவியிலிருந்து மழையில் வந்து சேர்ந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தள்ளாத வயதில் செம்பூரிலிருந்து கோலூன்றி வந்து கல்லறைவரை நடந்த சாமுவேல் தம்பிக்கும், விடுப்பெடுத்து அக்கா பக்கத்தில் இருந்த எஸ்தருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

அக்காவை மறுபடி காண்போம் என்பது நம் விசுவாசம். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் என் கை தொலைபேசிக்குப் போகிறது. எண்ணை அழுத்தத் தொடங்கிய பிறகுதான் நினைவு வருகிறது. காத்திருப்பது எப்படி என்று அக்கா அருகிலேயே இருந்து பார்த்தவள் நான். பார்த்தேனே தவிர எனக்கு அது வரவில்லை. எனக்கு அக்காவை இன்றைக்கே பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

அன்புத் தங்கை,
டோம்பிவிலி