கருப்பி நீட்டிய கால்

சித்திரபுரத்தில் தேயிலைத் தோட்டத்து எங்கள் லய வீட்டுக்குப் பின்னால் வளரும் கருப்பி, கையை நீட்டினாலே கொத்துகிற கோழி. அது நொண்டியபோது அட்டைக்கடிதான் என்று நானே முடிவுகட்டி, பாதத்தைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் புகையிலை வைத்துக் கட்டினேன். மூன்றாம் நாள் கால் வீங்கிவிட்டது.

"ஏட்டி டாக்டரு, ஞாயித்துக்கிழமை கொழம்பு வச்சிருவோமா?" என்றாள் அம்மா.

பதறிப்போய்க் கட்டை அவிழ்த்தேன். உள்ளங்காலில் கருப்புப் பொருக்கு, அடியில் சீழ். வாளியில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் எடுத்து அதில் காலை முக்கிவிட்டு, கொத்தப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கருப்பியோ கண்ணை மூடி என் மணிக்கட்டில் தலையைச் சாய்த்தது. பொருக்கு ஊறிக் கழன்றதும் துடைத்து, மருந்து போட்டேன்.

மறுநாள் வாளியை எடுத்ததும் அதுவே நொண்டி நொண்டி வந்து காலைத் தூக்கி நின்றது. அம்மாவே வெந்நீர் ஊற்றினாள்.

இப்போது கருப்பி ஓடுகிறது. வலிக்கக் கட்டிய கையையே அது தேடி வந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கிறது.