கண்ணாடிக் கடைக்காரர் முதல் மார்க் வாங்கிய கதை

மார்ச் 4 – 186
செப்டம்பர் 9 – 191
மார்ச் 11 – 188
செப்டம்பர் 8 – 174

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் ரத்தத்தை ஒன்றரை வருடம் அளந்த கணக்கு இது. இருபதைத் தாண்டாவிட்டால் கவலையில்லை.

அவருடைய அக்காவுக்கு முடக்குவாதம். காலையில் விரல்களை மடக்கவே ஒரு மணி நேரம் பிடிக்கும். கூடப்பிறந்தவர்களுக்கும் அது வருமா என்று முன்கூட்டியே அறிய ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. உடம்பின் சொந்த மூட்டுகளையே எதிராளி என்று நினைத்து வம்புக்குப் போகும் ஒரு பொருள் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். அவருடைய அண்ணனும், தம்பியான கடைக்காரரும் கை நீட்டினார்கள்.

அண்ணன் வங்கி மேலாளர். எதிலும் இரண்டாவதாக வந்தறியாதவர். அவருக்குச் சுழி, தம்பிக்கு நூற்று எண்பத்தாறு என்றதும் முகம் சுண்டிப்போனது.

"எனக்கு முட்டையா? மறுமதிப்பீடு உண்டா?" என்று நர்ஸைக் கேட்டார்.

"சார், இதுல முட்டை வாங்குறதுதான் நல்லது."

"பெயிலானவனுக்கு எல்லாரும் சொல்றதுதாம்மா அது."

தம்பிக்கோ வாயெல்லாம் பல். பத்தாம் வகுப்பை மூன்று தவணையில் தாண்டியவர். "அண்ணனை ஜெயிச்சுட்டேன்!" என்று மனைவியிடம் காகிதத்தை நீட்டினார்.

மனைவி முழுதும் படித்தாள். "இது அதிகமா இருந்தா மூட்டுல நோய் வரலாம்னு போட்டிருக்கு. ஜெயிச்ச மூஞ்சியப் பாரு."

டாக்டரிடம் ஓடினார். "வரலாம், வராமலும் போகலாம். சிகரெட்டை விடுங்க. மூட்டு வீங்கினா உடனே வாங்க" என்றார் டாக்டர். சிகரெட்டை அன்றே விட்டார். மற்றபடி அவர் காதில் விழுந்தது "வரலாம்" மட்டும்தான்.

கடுகளவு ஸ்க்ரூவைக் கண்ணாடியின் காதுக் கம்பியில் பூட்டுவதுதான் அவர் பிழைப்பு. இருபது வருடமாக ஸ்க்ரூக்கள் விழுந்துகொண்டுதான் இருந்தன, அவர் கண்டுகொண்டதில்லை. இப்போது ஒன்று விழுந்தாலும் வேலையை விட்டுவிட்டு விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தார்.

"அண்ணே, விழுந்தது ஸ்க்ரூதானே? ஏன் இப்படி வெலவெலத்துப் போறீங்க?" என்றார் ஒரு வாடிக்கையாளர்.

"போச்சு. விரல் போச்சு."

"அப்போ என் கண்ணாடி?"

கடைசியில், வருட முடிவில் கடையைக் காலி செய்வதாகக் கட்டட உரிமையாளரிடம் சொல்லிவிட்டார். ஸ்க்ரூ வேண்டாத தொழிலாகத் தொப்பி விற்கலாம் என்று யோசனை.

மறுநாள் அக்கா தன் கண்ணாடியின் ஸ்க்ரூவை முறுக்கிக்கொள்ள வந்தபோது, தம்பி மேஜைக்கடியில் டார்ச்சோடு தவழ்ந்துகொண்டிருந்தார்.

"என்னடா தேடுற?"

"என் பொழப்பை." அழாக்குறையாக எல்லாவற்றையும் கொட்டினார்.

"காலையில விரல் மடங்குதா?"

"மடங்குது."

"வீக்கம்?"

"இல்லக்கா."

"அப்புறம் என்னடா? நீ பொறந்ததுலேர்ந்தே ஓட்டைக்கை. வீட்டுல ஒரு டம்ளராவது நெளியாம இருந்துச்சா? நோய் எனக்கு, முனகல் உனக்கா? வெளிய வா, கண்ணாடியப் பாரு."

இரண்டு முறை ஸ்க்ரூ விழுந்தது. மூன்றாம் முறை உட்கார்ந்தது. அக்கா மாட்டிப் பார்த்து, "தொப்பிக் கடைக்காரன் வேலை மாதிரி தெரியலையே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதன் பிறகும் அவருக்கு மனது ஒரு நிலையில் இல்லை. அப்போதுதான் ஆஸ்பத்திரியின் கடைசிக் கடிதம் வந்தது. ஆராய்ச்சி முடிந்தது; இனி ரத்தம் தர வேண்டாம்; அளவு இன்னும் அதிகம்தான்; மூட்டுகளில் இன்றுவரை கோளாறு இல்லை; இனி வராது என்று உறுதி சொல்ல முடியாது.

"மறுபடி அதே 'வரலாம்' தானே?" என்றாள் மனைவி.

"வரட்டும். கடையிலதான் இருப்பேன், அது என்னை அலைஞ்சு தேட வேண்டியதில்ல."

சட்டையை மாட்டிக்கொண்டு கட்டட உரிமையாளர் வீட்டுக்குப் போய், இன்னும் ஐந்து வருடத்துக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தக் கடிதம் வந்த தேதி அக்டோபர் 6, செவ்வாய்க்கிழமை; அதற்குப் பிறகு ரத்தக் கணக்கில் எண் ஏறவில்லை.