கிரேக்கத்தில் குத்திய குண்டூசிகள்

துணி காயப்போட இன்று புதுத் தும்புக் கயிறு கட்டினேன். கையில் ஒட்டிய அந்த வாசனை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், என் சிறுவயதில், மலாயாவின் கோலசிலாங்கூர் ரப்பர்த் தோட்டத்தில் நாங்கள் இருந்த வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போனது.

அப்பா அங்கே கிராணி, தோட்டக் கந்தோரில் எழுத்துவேலை. கன்று நட வரிசை பிடிக்கும் முடிச்சுக் கயிறு எங்கள் விறாந்தையில்தான் சுருண்டு கிடக்கும். அதற்கு மேலே சுவரில் உலகப் படம். வெள்ளைக்காரத் துரை இரவல் தந்த அறிவியல் புத்தகத்தைப் படித்து, பண்டைக் காலத்தில் யார் எதைக் கண்டுபிடித்தார்கள் என்று துண்டுக் காகிதத்தில் எழுதி, அந்தந்த நாட்டில் குண்டூசியால் குத்துவது அப்பாவின் ஞாயிற்றுக்கிழமை வேலை. கிரேக்கத்தில் ஊசி குத்த இடமில்லை. ஆப்பிரிக்கா வெறுமையாகக் கிடந்தது.

ஒருநாள் அக்கா கிரேக்கத்தில் குத்தியிருந்த ஒரு துண்டை வாசித்தாள். "நைல் வெள்ளம் வடிஞ்சதும் முடிச்சுக் கயிறாலை வயல் அளந்தவை. அப்பா, நைல் எங்கை ஓடுது?"

"எகிப்திலை."

"எகிப்து எங்கை கிடக்கு?"

அப்பாவின் விரல் படத்தில் நைலைத் தேடி ஆப்பிரிக்காவில் போய் நின்றது. "புத்தகத்திலை அது கிரேக்கரின்ரை அத்தியாயத்துக்குள்ளை எல்லோ கிடந்தது, பிள்ளை."

அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தாள். அப்பாவும் சிரித்துக்கொண்டே முக்காலியில் ஏறி, எகிப்தின் துண்டுகளை எல்லாம் பிடுங்கி ஆப்பிரிக்காவில் குத்தினார்.

துரையின் காரைக் கண்டாலே சைக்கிளை விட்டு இறங்கி நிற்கிறவர் அவர். அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, உள்ளே தன் அழகான ஆங்கிலக் கையெழுத்தில் ஒரு துண்டு வைத்திருந்தார்:

"எகிப்து ஆப்பிரிக்காவில் இருக்கிறது, ஐயா."

துணிக் கயிற்றின் கடைசி முடிச்சை இறுக்கும்போது, அந்த 'ஐயா'வை நினைத்துச் சிரித்தேன்.