சாய்ந்து நின்ற வண்டி

உத்தமபாளையம் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதில் ஒரு கெடுதல் உண்டு. நாள் முழுக்கப் புகார் மனுவும் தீர்ப்பு நகலும் கையில் புரள்வதால், நமக்கும் சட்டம் தெரியும் என்ற நினைப்பு வந்துவிடும். எனக்கும் வந்திருந்தது. அந்த நினைப்போடு வீட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்பதைப் போன மழைக்காலத்தில் பார்த்துவிட்டேன்.

என் மனைவியின் தம்பிக்கு ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம். சனிக்கிழமைதோறும் பஸ்ஸில் வந்து, கடைவீதியில் பூச்சிமருந்து வாங்கி, என் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவான். சாயங்காலம் வண்டியைக் கொண்டுவந்து விட்டு, எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறுவான். சாவியைக் கொடுக்கும்போது, “ஒன் வண்டியா நெனச்சுக்க மாப்ள” என்பேன். சொல்ல நன்றாகத்தான் இருக்கும். அவன் தெருமுனை திரும்பும் வரை எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே நிற்பேன். அவ்வளவு தாராளம் என் மனசு.

புது ஆயில் மாற்றிய வாரம். அவன் போன பிறகு சும்மா ஆயில் பார்த்தேன். மூடியோடு சேர்ந்த அளவுக் குச்சியைத் துடைத்து, உள்ளே விட்டு எடுத்தால், ஆயில் கீழ்க்கோட்டையே தொடவில்லை. பாட்டிலில் மிச்சமிருந்ததை ஊற்றினேன். அடுத்த சனிக்கிழமையும் குறைந்திருந்தது. மறுபடி வாங்கி ஊற்றினேன். அதன் பிறகு சைலன்சரில் நீலமாகப் புகை வர ஆரம்பித்தது. போதாதா? எஞ்சினைப் போட்டு முறுக்கிக் கெடுத்துவிட்டான் என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். அவன் ஓட்டிய பிறகு மட்டுமே நான் ஆயில் பார்த்தேன் என்பதும், மற்ற நாளெல்லாம் அந்த வண்டியை ஓட்டியது நான் என்பதும் வழக்கில் வரவே இல்லை.

அதற்கடுத்த வாரம் அவன் தன் மனைவியையும் பின்னால் உட்காரவைத்து வந்தான். என் மகளுக்குக் காதுகுத்து நாள் பேச வேண்டியிருந்தது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவோம், அதனால் அவனை வைத்துக்கொண்டுதான் நாள் குறிக்க வேண்டும். அந்தப் பெண் இறங்கிச் சேலையைச் சரிசெய்வதற்குள் நான் வாசலுக்கு வந்துவிட்டேன்.

“சொந்தமா வாங்குன வண்டின்னா இப்படி முறுக்குவியா மாப்ள?”

அவன் புகையைப் பார்த்தான். “மெதுவாத்தான் மச்சான் வந்தேன்” என்றான்.

“மெதுவா வந்தா இப்படிப் புகையுமா? ஆயிலப் பூராவும் குடிச்சிருக்கு.”

அவன் சாவியை எடுத்து என்னிடம் நீட்டினான். உள்ளே கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் சாப்பிடாமலே பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். அக்கா வீட்டில் கை நனைக்காமல் தம்பி போவது எங்கள் பக்கம் சின்ன விஷயமில்லை. என் மனைவி குழம்பை இறக்கி மூடி வைத்தாள்.

பிறகு அவளுக்குப் போன் வந்தது. “மடிக்குச் சித்தப்பா மகன வச்சுக்கங்கக்கா. எனக்கு அங்கன வர மூஞ்சியில்ல” என்று சொன்னானாம். ரோஷத்தைப் பார்த்தாயா என்று அதற்கும் பேசினேன். “கூடப் பொறந்தவன் இருக்கையில எம்புள்ள இன்னொருத்தன் மடியில உக்காரணுமா?” என்று கேட்டவள், அதன்பின் என்னிடம் தேவைக்கு மட்டுமே பேசினாள்.

அந்த முகத்தை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? மழை விட்ட ஒரு ஞாயிறு காலையில், “வா, ஒன் தம்பி பண்ணுன வேலையக் கண்ணால பாரு” என்று கூப்பிட்டேன். தெருவோர ஈரமண்ணில் சைடு ஸ்டாண்டு புதைந்து வண்டி விழப் பார்த்தது. அதனால் நடுத்தெருவுக்குத் தள்ளிவந்து, அவளை ஏறி உட்கார்ந்து நேராகப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். குச்சியைத் துடைத்து, உள்ளே விட்டு எடுத்தேன். ஆயில் மேல்கோட்டையும் தாண்டி நின்றது. திரும்பத் துடைத்துப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது.

“கொஞ்சம் இடது பக்கமாச் சாய்” என்றேன். சாய்த்தாள். இப்போது குச்சியின் நுனியில்தான் ஆயில் இருந்தது.

புது ஆயில் மாற்றிய அன்றுதான் சென்டர் ஸ்டாண்டைக் கழற்றி வைத்திருந்தேன், வேகத்தடையில் உரசுகிறது என்று. அன்றிலிருந்து வண்டி சாக்கடைப் பக்கம் சரிந்த ஓரத்தில், சைடு ஸ்டாண்டில் சாய்ந்தேதான் நின்றது. எதிர்வீட்டுக் கார் நிற்கிற நாளில் இன்னும் ஓரமாக, இன்னும் சாய்வாக. ஆயில் அந்தப் பக்கம் ஒதுங்க, குச்சியில் குறைவாகத் தெரிந்திருக்கிறது. குறையாத ஆயிலுக்கு மேல் நான் ஊற்றிய ஆயில்தான் புகையாக வந்திருக்கிறது. சமதளத்தில் நிறுத்து, சற்று ஓடவிட்டு அணை, கொஞ்சம் பொறு, குச்சியைத் துடை, மூடியைத் திருகாமல் உள்ளே விட்டுப் பார். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். வண்டியை நிமிர்த்திப் பிடி என்பதையும் படித்தவன்தான்.

“அப்ப எந்தம்பி குடிச்ச ஆயிலு எங்கங்க?” என்று கேட்டாள். நான் குனிந்து மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். திருகி முடித்தும் நிமிரவில்லை.

அதிகப்படி ஆயிலை இறக்கி ஓட்டியதும் புகை நின்றது. ஓடைப்பட்டிக்குப் புறப்பட்டேன். “அவன்கிட்ட என்னத்தச் சொல்லப் போறீக?” என்றாள். உள்ளதைச் சொல்கிறேன் என்றேன். ஆனால் வழியெல்லாம் ஏதோ ஒரு வாஷர் கோளாறாம் என்று சொல்லிப் பழகிக்கொண்டு போனேன். வெட்கமாக இருந்தது. இருந்தும் பழகினேன்.

திராட்சைப் பந்தலுக்கடியில் இருந்தவன் என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே பேசினான்.

“எஞ்சினப் பிரிச்சாச்சா மச்சான்? பழப்பெட்டிய ஏத்திக்கிட்டு மேட்டுல இழுத்தேன், அதுலதான் போயிருக்கும். கேக்காம ஏத்துனது தப்பு. அக்கா மூஞ்சியில எப்படி முழிக்கன்னுதான் வரல.”

நான் ரோஷம் என்று நினைத்தது இதைத்தான். வாஷர் கதையை விட்டுவிட்டேன். சென்டர் ஸ்டாண்டிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் பேசியது தப்பு என்றும் சொன்னேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அவன் பந்தலின் அந்தக் கோடியைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

“ஏ புள்ள, இங்கன வா. வண்டி நம்மளால கெடலயாம்.”

அவன் மனைவி கூடையைப் போட்டுவிட்டு வந்தாள். “நெசமாவாண்ணே?” என்று என்னைக் கேட்டாள். தலையை மட்டும் ஆட்டினேன். “அன்னையிலருந்து இவுக சரியாச் சோறே திங்கலண்ணே” என்றாள். என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, சந்தோஷத்தில் சொன்னாள்.

அவன் வண்டியை ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றான்.

“அப்ப பாப்பாவ மடியில வச்சுக்க நானே வரலாமா மச்சான்?”

தாய்மாமன் என்னிடம் கேட்டுக்கொண்டு நின்றான்.