பாட்டு முடிகிற இடம்

சரிதாவின் கைக்கருவி ஒரு சாண் நீளமுள்ள எஃகுக் கம்பி. அதற்கு இரண்டு முனை. ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. போக வேண்டியது போகாவிட்டாலும் சரி, போகக் கூடாதது போய்விட்டாலும் சரி, அந்த உருப்படிக்கு இடம் சிவப்புத் தொட்டிதான். ஓசூர் சிப்காட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், பரிசோதனை மேசையில், கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளுக்கு இதுதான் வேலை. பழுது கண்ணில் பட்டால் கை நின்றுவிடும். உருப்படியைத் தூக்கிப் போடு, அடுத்ததை முதலிலிருந்து பார். அவளைத் தாண்டிக் கோளாறான சாமான் வெளியே போனதாகச் சரித்திரம் இல்லை. அந்தப் பெருமைதான் பின்னால் அவள் காலை வாரிவிட்டது.

புருஷன் மோகன்குமார் அதே கம்பெனியில் மெஷின் ஷாப் சூப்பர்வைசர். நாலு பேர் சேர்ந்த இடத்தில் அவன் வாய்தான் பேசும். மற்றவர்களைச் சிரிக்க வைக்கத் தெரிந்த மனிதன், ஆனால் யாராவது ஒருவரை நடுவில் கிடத்தித்தான் சிரிக்க வைப்பான். அவர்களுக்குக் குழந்தை இல்லை. டாக்டர், இரண்டு பேரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்றார். சரிதா எல்லாவற்றையும் செய்துகொண்டாள், அவளிடம் குறை இல்லை என்று வந்தது. மோகன்குமார் இன்றைக்கு, நாளைக்கு என்று சொல்லிச் சொல்லி அந்தப் பக்கமே போகவில்லை. போகாதவன் சும்மாவாவது இருந்திருக்கலாம். பேரிகை கிராமத்தில் அவள் அப்பா வீட்டுக்குத் திருவிழாவுக்காகப் போயிருந்தபோது, பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "ரிஜெக்ட் பீஸத் தலையில கட்டிட்டீங்களே மாமா" என்று சொல்லிச் சிரித்தான். பந்தியே சிரித்தது. பரிமாறிக்கொண்டிருந்த சரிதாவும் சிரித்தாள். வேறென்ன செய்வாள், கையில் சாம்பார் வாளி.

அதையெல்லாம் அவள் மறந்துவிட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மறக்கவில்லை. நாற்பத்திமூன்று வயதில் அவள் பியானோ படிக்கப் போனதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டால், அவளுக்கே தெரியாது.

கம்பெனி பஸ் அவளைப் பாகலூர் சாலையில் ஒரு பேக்கரி முன்னால் இறக்கிவிடும். பேக்கரிக்கு மாடியில் இசை வகுப்பு. இறங்குகிற நேரத்தில் மேலே ஏதோ ஒரு பிள்ளை ஒரே பாட்டை வாசித்துக்கொண்டிருக்கும். நன்றாகப் போய்க்கொண்டே இருக்கும், பாதியில் நின்றுவிடும். மறுநாளும் அப்படித்தான். கேட்டுக் கேட்டு சரிதாவுக்குச் சோறு பிசையும்போதுகூட அந்தப் பாதிப் பாட்டு ஓடியது. இது எங்கேதான் போய் முடிகிறது என்ற அரிப்பு தாங்காமல் ஒரு சாயங்காலம் படியேறிவிட்டாள்.

வகுப்பு நடத்துகிற பூபதி முப்பது வயதுக்காரன், கச்சேரிக் குழுக்களில் கீபோர்டு வாசிக்கிறவன். அவள் கேட்டதும் சிரிக்காமல் உட்கார்ந்து அந்தப் பாட்டை முழுக்க வாசித்துக் காட்டினான். முடிவு ஒன்றும் பெரிய வித்தையில்லை. சுற்றிச் சுற்றிப் போன பாட்டு கடைசியில் புறப்பட்ட சுரத்துக்கே வந்து, வேலை முடித்து வீடு வந்தவர் செருப்பைக் கழற்றுவதுபோல, அமைதியாக உட்கார்ந்தது. சரிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இத நான் என் கையால முடிக்கணும் சார். எனக்கு வேற பாட்டு வேணாம். இது ஒண்ணு போதும்."

"சேந்துக்கங்க அக்கா. சின்னப் பசங்க பேட்ச்தான் இருக்குது, பரவால்லியா?"

பரவாயில்லை என்றாள். வெளியே பெஞ்சில் காத்திருந்த தாய்மார்களில் ஒருத்தி, "நிம்ம மகு யாரு?" என்று கன்னடத்தில் கேட்டாள். சரிதா பேசாமல் நிற்கவும், கன்னடம் தெரியாது போலிருக்கிறது என்று, "உங்க கொழந்த எதுங்க?" என்று தமிழிலும் கேட்டு வைத்தாள். புரியாமலா நின்றாள் சரிதா? இரண்டு பாஷையிலும் புரிந்தது.

"நான்தாங்க படிக்கறன்" என்றாள்.

"ஓ" என்று அந்த அம்மாள் பக்கத்திலிருந்தவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாண்டித்தான் ஒவ்வொரு வகுப்புக்கும் உள்ளே போக வேண்டியிருந்தது.

படிப்பது அவளுக்குச் சிரமமாக இல்லை. ஐந்து கோடு, கோட்டின் மேல் புள்ளி, கோடுகளுக்கு நடுவே புள்ளி, குறுக்கே தடுப்புக் கோடு போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கும். தினமும் மெஷின் வரைபடம் பார்க்கிற கண்ணுக்கு அது சீக்கிரம் பிடிபட்டது. விரல்தான் மானத்தை வாங்கியது. வலது கை ஒன்று சொன்னால் இடது கை அதையே திருப்பிச் சொல்லும். "ஆண்ட்டி, அது நாலாவது விரலு" என்று பக்கத்து ஸ்டூலில் இருந்த ஆறு வயசு வாண்டு திருத்தும்.

இதைவிடப் பெரிய வினை வேறொன்று. பிசகினால் சரிதா நின்றுவிடுவாள். நின்று, முதல் கட்டத்திலிருந்து மறுபடி ஆரம்பிப்பாள். இடது கை வந்து சேருகிற மூன்றாவது கட்டத்தில் கட்டாயம் ஒரு பிசகு வரும். உடனே விரல் தூக்கிக்கொள்ளும். மறுபடி முதல். மறுபடி மூன்று.

"தப்பு வந்தா வரட்டும் அக்கா, நிக்காதீங்க. தாண்டிப் போயிடுங்க" என்று பூபதி தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தான்.

"எப்பிடி சார் போறது? தப்புன்னு தெரியுதே" என்பாள். பழுது தெரிந்த பிறகும் தள்ளிவிடுவது அவள் கைக்குத் தெரியாத வேலை.

பெங்களூருக்கு வீடு மாறிப்போன ஒரு குடும்பம் விற்ற மின்பியானோவை வாங்கி நடுக்கூடத்தில் போட்டாள். மோகன்குமார் அதைச் சுற்றி வந்து பார்த்தான்.

"என்னா, கல்யாணத்துக்கு வாசிக்கக் கெளம்பிட்டியா? வயசு ஆவுது, புத்தி கீழ போவுது."

"ஒரு பாட்டுதாங்க. முடிச்சிட்டா விட்டுருவன்."

அவள் தினமும் வேலையிலிருந்து வந்ததும் உட்காருவாள். மூன்று கட்டம், நிறுத்தம். மூன்று கட்டம், நிறுத்தம். கேட்கிறவனுக்கும் எரிச்சல் வரும்தான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் எரிச்சல் வந்தவன் கதவைச் சாத்திக்கொண்டு போவான். இவன் கதவுக்குப் பின்னால் நின்று செல்போனில் படம் பிடித்தான். அவள் முதுகும், சரிந்த கொண்டையும், மூன்றாம் கட்டத்தில் தூக்கிக்கொள்ளும் கையும் அதில் இருந்தன. "எங்க வீட்டு புது அலாரம்" என்று எழுதிக் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான்.

மறுநாள் கேன்டீனில் அவள் தட்டை எடுத்துக்கொண்டு திரும்பியதும் ஒரு மேசையிலிருந்து யாரோ அந்தப் பாட்டை முனகினார்கள். மூன்றாவது கட்டத்தில் வெட்டினாற்போல நிறுத்தி, "ரிஜெக்ட்" என்றார்கள். கேன்டீன் முழுக்கச் சிரிப்பு. சரிதாவுக்கு விளங்கவில்லை. கூட வேலை செய்யும் முனிலட்சுமிதான் போனைக் காட்டினாள்.

"அண்ணன்தான் போட்டுருக்காரு அக்கா. நீ கண்டுக்காத."

"ரிஜெக்ட்னு சொல்லச் சொன்னதும் அவருதானா?"

முனிலட்சுமி குனிந்து ரசத்தை ஊற்றிக்கொண்டாள். அதுவே பதில்.

அன்றோடு அவள் விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். அவள் விடவில்லை, பிடிவாதம் இன்னும் கூடிவிட்டது. வகுப்பின் ஆண்டு விழாவில் வாசிக்கப் பெயர் கொடுத்தாள். பூபதி தயங்கினான். மேடை என்றால் கை தானாக ஓடிவிடும், எப்படியாவது கடைசிவரை போய்விடுவேன் என்று அவள் கெஞ்சியதும் சம்மதித்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு கல்யாண மண்டபம். கோட்டும் கழுத்தில் டையுமாகச் சின்னஞ்சிறுசுகள் வரிசையில் நிற்க, நடுவில் மாம்பழ நிறப் பட்டுப்புடவையில் சரிதா. மோகன்குமார் தனியாக வரவில்லை, மெஷின் ஷாப்பிலிருந்து நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

ஸ்டூல் பிள்ளைகளின் உயரத்துக்கு வைத்தது, உட்கார்ந்தால் முழங்கால் இடித்தது. ஆரம்பித்தாள். மூன்றாம் கட்டம், பிசகு, கை தூக்கிக்கொண்டது. மறுபடி ஆரம்பித்தாள். முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். மூன்றாம் முறை நின்றபோது தாய்மார்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முன்வரிசையிலிருந்து ஒரு குரல் "ரிஜெக்ட்" என்றது. அதற்கு மேல் யாரும் வாயைப் பொத்தவில்லை.

மோகன்குமார் எழுந்தான். தன் வீட்டுக்காரியைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்கும்போதுதான் அவனுக்கு மானம் ஞாபகத்துக்கு வந்தது. நேரே சவுண்டு மேடைக்குப் போய், "கட் பண்ணுப்பா, போதும்" என்று கையால் வெட்டிக் காட்டினான். சவுண்டுக்காரர் பூபதியைப் பார்த்தார். பூபதி தலையைக் குனிந்துகொண்டான். அந்த மேடைப் பியானோவுக்குச் சொந்தக் குரல் கிடையாது, சத்தமெல்லாம் மண்டபத்து ஸ்பீக்கர் வழியாகத்தான். அது நின்றது.

சரிதா எல்லாவற்றையும் பார்த்தாள். வெட்டிய கையையும் பார்த்தாள், குனிந்த தலையையும் பார்த்தாள். விரல்கள் மட்டும் முதல் கட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தன. மூன்றாம் கட்டம் வந்தது, போனது. பிசகியதோ இல்லையோ, காதில் விழாததால் கை நிற்கவில்லை. நான்கு, ஐந்து, அடுத்த வரி, கடைசி வரி. வாழ்க்கையில் முதல் முறையாக அவள் அந்தப் பாட்டின் முடிவுக்குப் போய்ச் சேர்ந்தாள். புறப்பட்ட இடத்துக்கே வந்து உட்காருகிற அந்தக் கடைசிச் சுரத்தை அமுக்கியபோது பிளாஸ்டிக் கட்டை அடியில் மோதும் சின்னச் சத்தம்தான் கேட்டது. அந்த ஒரு சுரத்தைக் கேட்கத்தான் அவள் அந்தப் படி ஏறினாள். அதைப் பிடுங்கிவிட்டார்கள். அவள் எழுந்ததும் கூட்டம் நிம்மதியாகக் கைதட்டியது.

வண்டியில் வரும்போது, "ஒன் மானத்தக் காப்பாத்துனன்" என்றான் மோகன்குமார்.

வகுப்புக்கு அவள் மறுபடி போகவில்லை. ஆனால் வீட்டில் சத்தத்தைப் பூஜ்யத்துக்கு இறக்கி வைத்துவிட்டு வாசிக்க உட்கார்ந்தாள். காதில் விழாதபோது கை கடைசிவரை போகிறது என்று மண்டபத்தில் கண்டுகொண்டாளே. கொஞ்ச நாள் போனதும் ஹெட்போனை மாட்டி, ஒரு இம்மி சத்தம் ஏற்றினாள். கை நின்றால் இறக்குவாள், போனால் ஏற்றுவாள். கூடத்தில் டொக் டொக்கென்று கட்டை தட்டும் சத்தம் மட்டும் கேட்கும்.

"சத்தமே இல்லாம தட்டிக்கினு கெடக்கற, பைத்தியமா புடிச்சிருக்குது?" என்பான் அவன். அவளுக்கு ஹெட்போனுக்குள் அது விழாது. விழுந்தாலும் விழாத மாதிரி இருக்கப் பழகியிருந்தாள்.

அடுத்த வருஷம் மோகன்குமாருக்கு மேனேஜர் பதவி வருகிற பேச்சு அடிபட்டது. பிளான்ட் ஹெட்டையும் அவர் மனைவியையும் ஒரு ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தான். அந்த அம்மாள் பெங்களூரில் சின்ன வயதில் பியானோ படித்தவர் என்று தெரிந்ததும், "எங்க வீட்லகூட வாசிப்பாங்க சார்" என்று ஆபீசிலேயே பீற்றிக்கொண்டு வந்திருந்தான். அலாரம் இப்போது அலங்காரமாகிவிட்டது.

வந்தவர்கள் சோபாவில் உட்கார்ந்ததும், "சரிதா, மேடத்துக்கு ஒண்ணு வாசிச்சிக் காட்டும்மா" என்றான். அம்மா என்று அவன் அவளை அழைத்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஹெட்போனை எடுத்தாள்.

"அத வச்சிடுங்களேன், நாங்களும் கேக்கறோம்" என்றார் அந்த அம்மாள் இதமாக.

"வேணாங்க மேடம். என் சத்தம் இவருக்கு ஆவாது. மண்டபத்துல எல்லாரு முன்னாடியும் இவருதான் நிறுத்தச் சொன்னாரு. அதுலருந்து இப்பிடித்தாங்க." புகார் மாதிரிச் சொல்லவில்லை. பரிசோதனை முடிவைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

பிளான்ட் ஹெட் மோகன்குமாரைப் பார்த்தார். மோகன்குமார் கையிலிருந்த பஜ்ஜித் தட்டைப் பார்த்தான். "சும்மா விளையாட்டுக்குச் சொல்றா சார்" என்று சிரித்தான், கூட யாரும் சிரிக்கவில்லை.

சரிதா ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசித்தாள். மூன்று பேரும் அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் கட்டத்தில் ஒரு பிசகு வந்தது. தெரிந்தது, தாண்டிப் போனாள். கடைசி வரி முழுச் சத்தத்தில் அவள் காதுக்குள் இறங்கி, புறப்பட்ட சுரத்தில் வந்து உட்கார்ந்தது. அவள் அதை அப்படியே அமுக்கிப் பிடித்துக்கொண்டு, அது தேய்ந்து தீரும்வரை கேட்டாள். அழுகை வந்தது, விழுங்கிக்கொண்டாள். சந்தோஷத்தைக்கூட இவர்களுக்குக் காட்ட அவளுக்கு மனமில்லை. பிறகு எழுந்து இலை போட்டாள்.

விருந்தாளிகள் சீக்கிரமே புறப்பட்டுவிட்டார்கள். மோகன்குமார் கத்துவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் கத்தவில்லை. கூடத்துக்கு வந்து, பியானோவின் மேல் கை வைத்தான்.

"கடசி வரைக்கும் வந்துடுச்சா?"

"வந்துடுச்சி."

"எப்பிடித்தான் முடியுது அது? ஒரு வாட்டி வெளிய வுட்டு வாசி. கேக்கறன்." குரல் இறங்கியிருந்தது. நிஜமாகவேதான் கேட்டான், அது அவளுக்கும் தெரிந்தது.

சரிதா ஹெட்போன் வயரைச் சுற்றிக்கொண்டே அவனை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள்.

"ரிஜெக்ட்" என்றாள்.

வயரை மேசை டிராயரில் வைத்துவிட்டு, மிச்சமிருந்த சாம்பாரைச் சின்னப் பாத்திரத்துக்கு மாற்றப் போனாள்.