திரை கறுத்தால் பொத்தானை அமுக்காதீர்கள்

தமன்ஹூர் அரசு மருத்துவமனையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஷாஹினாஸ் பத்தொன்பது வருடமாக ஒரே விஷயத்தைச் சொல்லிச் சொல்லியே தொண்டைத் தண்ணீர் வற்றிப்போனவள். திரை வேறு, கம்ப்யூட்டர் வேறு. திரை கறுத்தால் கம்ப்யூட்டர் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. இதைக் கொட்டை எழுத்தில் எழுதி சர்வர் அறைக் கதவில் ஒட்டினாள். அதன் மேலேயே யாரோ ரத்ததான முகாம் நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போனார்கள். வயது நாற்பத்தாறு ஆகிறது. மேசைகளுக்கு அடியில் தவழ்ந்து தவழ்ந்து இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன.

அன்று ஜூன் கடைசி வாரம். காலையில் சர்வரின் இரண்டு டிஸ்க்குகளில் ஒன்று போய்விட்டது. டயாலிசிஸ் வார்டு நோயாளிகள் இருநூறு பேரின் பதினொரு வருட ரத்தப் பரிசோதனை விவரம் முழுதும் மிச்சமிருந்த ஒற்றை டிஸ்க்கில். அதுவும் கிழடு. ஷாஹினாஸ் புது டிஸ்க்கைச் செருகி, எல்லாவற்றையும் அதில் நகலெடுக்க விட்டாள். மதியம் இரண்டு மணிவரை இயந்திரத்தை அணைக்கக் கூடாது. அணைத்தால் கிழட்டு டிஸ்க் மறுபடி எழுந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. முப்பத்தொரு சதவீதம் என்று திரையில் பார்த்துவிட்டு, பிரிண்டர் தகராறு ஒன்றைத் தீர்க்க மாடிக்குப் போனாள்.

அரைமணி நேரத்தில் திரும்பி வந்தால் திரை கன்னங்கரேலென்று கிடந்தது.

மண்டியிட்டு ஒயரை உருவிச் செருகினாள். ஒன்றும் வரவில்லை. கீபோர்டில் 'நம் லாக்' விசையை அமுக்கினாள். குட்டி விளக்கு எரிந்தது. இன்னொரு தடவை அமுக்க அணைந்தது. இயந்திரம் உயிரோடுதான் இருக்கிறது. அப்புறம்தான் திரையைச் சரியாகப் பார்த்தாள். அது அவளுடைய திரையே இல்லை. அவளுடையது சின்னது, பழையது. இது அகலமான புதுசு.

ஸ்டோர் கீப்பர் ஹாஜி பயூமி பட்டியலும் கையுமாக வாசலில் நின்றிருந்தார்.

"ஹாஜி, என் திரை எங்க?"

"ஸ்டாக் எடுக்குறோம்ல எஞ்சினியரம்மா. 417-ம் நம்பர் திரை உங்க ரூம்ல கிடந்துச்சு. லிஸ்ட்டுல அது பிரசவ வார்டு. உங்க பேர்ல இருக்கறது 602. மாத்தி வச்சாச்சு. இப்ப பேப்பரும் சரி, பொருளும் சரி."

"படம் வரலையே!"

"படம் வரணும்னு லிஸ்ட்டுல எங்கயும் போடல."

"ஒயருக்கு நடுவுல இது என்ன குட்டிப் பெட்டி?"

"வாய் பொருந்தல. கடைத்தெருவுல வாங்கினேன். இப்ப பொருந்திடுச்சுல்ல?"

"பொருந்தும் ஹாஜி! ஆனா இது திரைப் பக்கத்துலேர்ந்து கம்ப்யூட்டர் பக்கம்தான் படம் அனுப்பும். நமக்கு வேண்டியது நேர் எதிர். என் 417-ஐத் திருப்பிக் குடுங்க."

"மாத்துச் சீட்டு வேணும். மூணு கையெழுத்து. பிரசவ வார்டு சிஸ்டர் லீவு."

சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. அந்த நேரம் பார்த்தா இயக்குநர் டாக்டர் வகீஹ் உள்ளே வர வேண்டும்?

"என்ன ஷாஹினாஸ், பெட்டி செத்துக் கிடக்கு? பன்னெண்டு மணிக்கு அமைச்சகத்துலேர்ந்து ஆளுங்க வராங்க."

"சாகல டாக்டர். திரைதான் இருட்டு. இந்த விளக்கைப் பாருங்க, அமுக்கினா எரியுது."

"கடுகத்தனை விளக்கைக் காட்டி அவங்ககிட்ட நான் என்னன்னு சொல்ல? எங்க வீட்டு டிவி மக்கர் பண்ணினா அணைச்சுப் போடுவேன். வந்துடும். நவுரு."

"ஐயோ, அது டிவி, டாக்டர்! இதுல இருநூறு பேரு உசுரு இருக்கு!"

"நவுரும்மா!"

பெரிய அதிகாரி. கையைத் தட்டிவிடவா முடியும்? அவர் விரல் பொத்தானை நோக்கிப் போனது.

"டாக்டர், ஒரு நிமிஷம்" என்றார் பயூமி. கோப்பைத் திறந்து ஒரு தாளை உருவினார். "ஸ்டாக் எடுக்கறப்ப ஓடற பொருளை நிறுத்தணும்னா எழுத்துல உத்தரவு வேணும். 'நான்தான் நிறுத்தினேன்'னு எழுதி, இங்க கையெழுத்து, கீழ தேதி."

பேனாவை மூடி கழற்றி நீட்டினார்.

வகீஹ் பேனாவைப் பார்த்தார். பொத்தானைப் பார்த்தார். ஷாஹினாஸின் கத்தல் ஏறாத காதில் அந்தத் தாள் ஏறிவிட்டது.

"அப்படி ஒண்ணும் அவசரமில்ல. கதவைச் சாத்தி வைங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

இரண்டு மணி தாண்டிப் பத்தாவது நிமிடத்தில் புது டிஸ்க்கின் மஞ்சள் விளக்கு சிமிட்டுவதை நிறுத்திப் பச்சையானது. ஷாஹினாஸ் தரையில் உட்கார்ந்து, யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுது தீர்த்தாள்.

பயூமி மறுபடி வந்தார். கையில் இன்னொரு தாள், மூன்று பிரதி.

"கெட்டுப்போன டிஸ்க். கழிவு கமிட்டி கூடற வரைக்கும் உங்க பொறுப்பு."

"கமிட்டி எப்ப கூடும்?"

"நான் வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து கூடல."

வேறு நாளாக இருந்தால் கட்டடமே அதிரக் கத்தியிருப்பாள். பேனாவை வாங்கி மூன்று பிரதியிலும் கையெழுத்துப் போட்டாள்.