பக்கத்துக் கட்டிலில் சம்பந்தி

எனக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய். மலாக்கா ஆஸ்பத்திரி ஒன்றில் குழாய் வழியாக மருந்தை நேராக அதற்குள்ளேயே விட்டு, இரண்டு மணி நேரம் அடக்கிக்கொள்ளச் சொன்னார்கள். மருந்து எல்லா இடத்திலும் படுவதற்காகத் தாதி சொல்லும்போதெல்லாம் புரண்டு படுக்க வேண்டும்.

முதல் தடவை புரண்டேன். பக்கத்துக் கட்டிலில், அதே மருந்தோடு, சுங்கை ரம்பாய் ஊர்க்காரச் சம்பந்தி! தன் மகனுக்கு வேறொருத்தி இருப்பதை மறைத்து என் மகளைக் கட்டிவைத்த ஆள். செத்தாலும் அந்த முகத்தில் முழிக்கக் கூடாது என்றிருந்தேன்.

“அங்கிட்டுத் திரும்புங்க,” என்றார்.

“நீ திரும்புய்யா. மிஸ்ஸி என்னை இப்படித்தான் படுக்கச் சொல்லுச்சு.”

அடிவயிறு வெடித்தாலும் அவருக்கு முந்தி நான் கழிவறைக்கு எழுந்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். கடைசியில் அவர்தான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “முடியலயே...” என்று அழுதார். நியாயப்படி நான் சிரித்திருக்க வேண்டும்.

“அடக்குங்க சம்பந்தி, இன்னும் கொஞ்ச நேரந்தான்லா,” என்றது என் வாய்.

மகள் வாழாமல் வீடு திரும்பிய நாளிலிருந்து அவரை நான் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

இன்றும் மன்னிக்கவில்லை. ஆனால் வாராவாரம் மருந்துக்காக வார்டுக்குள் நுழைந்ததும் முதலில் அவர் கட்டிலைத்தான் பார்க்கிறேன். அந்த ஆள் பிழைக்க வேண்டும். நான் திட்ட வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது.